செவ்வாய்க்கிழமைச் சொல்

ஜப்பானிய மொழியின் மேல்நிலைத் தேர்வுக்காக அந்த மாதம் நான் படித்தவை, மனிதர் நடத்தையில் இயல்பையும் இயல்பின்மையையும் குறிக்கும் சொற்கள். நாளுக்கு ஒன்று. படித்ததை அன்றே, ஜப்பானில் உள்ள தலைமையகத்துக்கு நான் ஜப்பானிய மொழியில் எழுதும் தொழிற்சாலை அறிக்கையில் போட்டுவிடுவேன். போட்டால்தான் மனதில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமைச் சொல் 'க்யோதோ ஃபுஷின்'. சந்தேகத்துக்குரிய நடத்தை. அன்று பேக்கிங் பிரிவு அக்கா கழிவறைக் கதவை எட்டி உதைத்தாள். "சத்தம் போட்டாள்" என்றுதான் மேலாளர் எழுதச் சொன்னார். நான் என் புதுச் சொல்லைப் போட்டுத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். பொருத்தமாக விழுந்ததில் எனக்கு ஒரு பூரிப்பு.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. இப்படிப்பட்டவரை வேலையில் வைத்திருக்க வேண்டுமா? மாலைக்குள் விளக்கம் தேவை.

மேலாளர் சிரித்தார். "பாத்தியாம்மா, அவங்களே கேக்கறாங்க. அவ கொஞ்சம் லூசுதான். அதுக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு வச்சிருப்பியே?"

வைத்திருந்தேன். 'ஜோகி ஓ இஸ்ஸுரு', வழக்கமான தடத்தை விட்டு விலகுவது. வியாழக்கிழமை படித்தது.

கீழே இறங்கிப் போனேன். அக்கா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவை ஏன்க்கா உதைச்சீங்க?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? ரெண்டு மணியிலேருந்து நாலரை வரைக்கும் பூட்டி வச்சா, கதவைக் கொஞ்சவா முடியும்? எனக்கு அன்னிக்குப் பீரியட்ஸ் வேற. சாவி யார் பாக்கெட்ல இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும், மேலாளர் பாக்கெட்டில். மாடியில் இருந்த கழிவறையைப் பூட்டியதே இல்லை. நான் அங்கே போகிறவள்.

"என்னைப் பத்தி என்ன எழுதினே?"

சொன்னேன். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒரு வார்த்தை கேக்காம எழுதியிருக்கே. இதுக்குப் பரீட்சை வேறயா?"

மாடிப்படி ஏறும்போது ஆத்திரமாக வந்தது. மேலாளரின் மேல், அதைவிட அதிகமாக என் பூரிப்பின் மேல்.

எழுதினேன். அந்தச் சொல் தவறு, அதைப் போட்டது நான். பிறகு, பூட்டிய நேரம், திறந்த நேரம், சாவி வைத்திருந்தவரின் பெயர். முதல் வருடம் படித்த எளிய 'இஜோ'வை, இயல்புக்கு மாறானது என்பதை, அந்தப் பூட்டுக்குக் கொடுத்தேன். அனுப்பிய பிறகே மேலாளருக்கு எழுதியதன் அர்த்தம் சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"அதுக்கும் வார்த்தை இருக்கு சார். சொல்லட்டுமா?"

திங்கட்கிழமை வந்த பதிலில், அக்கா வேலையில் தொடரட்டும் என்று ஒரு வரி. சாவியைப் பற்றி ஏழு கேள்விகள்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது கீழ்க் கழிவறைக்குத்தான் போகிறேன். வரிசையில் எனக்கு முன்னால் அவள் நின்றால், திரும்பிப் பார்க்க மாட்டாள்.