பூசினாற்போல் ஆன பிலோமின்ராஜ்

பிலோமின்ராஜுக்கு முட்டி வலி வந்ததில் வியப்பில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், சூளைக்குள் போகும் வண்டியில் பியூஸ் கட்டைகளை அடுக்குவது அவர் வேலை. குனிந்து எடுக்க வேண்டும், நிமிர்ந்து அடுக்க வேண்டும், மறுபடி குனிய வேண்டும். கலியாணத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் செய்கிறார். டாக்டர் மதிவதனி மாத்திரை எழுதிக் கொடுத்தார்; அவ்வப்போது ரத்தம் சோதிக்கச் சொன்னார்; உட்கார்ந்து பார்க்கிற வேலையாகக் கேட்டு வாங்கச் சொன்னார். பிலோமின்ராஜ் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார். வலி அதற்குப் பாதிதான் கேட்டது.

அப்போதுதான் அவருடைய போனில் அந்த வெளிநாட்டு மருந்துக் கடை வந்தது. அவர் தேடவில்லை, அதுவாகவே வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தன் முட்டியைத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சீட்டு வேண்டாம், வலி அடியோடு போகும் என்று தமிழிலேயே எழுதியிருந்தது. தமிழ் கோணலாக இருந்ததை, அவ்வளவு தூரத்திலிருந்து இந்த மட்டுக்கும் எழுதினானே என்று பிலோமின்ராஜ் மன்னித்துவிட்டார்.

பார்சல் வந்ததும் அவர் மனைவி உபகாரமேரி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன பாஷைங்க?"

"வெளிநாட்டு பாஷை."

"எந்த நாடு?"

"அது போடல. நல்ல நாடாத்தான் இருக்கும்."

ஒரே வாரத்தில் வலி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழங்காலிட்டபோது அவரும் முழங்காலிட்டார். பசி கூடியது. இரவு சோறு சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் முன் இட்லி இருக்கிறதா என்று கேட்டார். கன்னம் உருண்டது, பின்கழுத்தில் சதை திரண்டது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்கள், "பூசினாப்ல ஆயிட்டீங்க, பட்டறையில பங்கு எதுனா குடுத்துட்டாங்களா" என்று விசாரித்தார்கள். பிலோமின்ராஜ் இல்லையென்றும் சொல்லவில்லை. உபகாரமேரி சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டார்.

எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கே வருவார். வயசாளி, சுகர்காரர். பிலோமின்ராஜ் அவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார். பத்து நாளில் கொளஞ்சியம்மாள் தனியாகச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தார். அதன்பிறகு பிலோமின்ராஜ் இருவருக்குமாகச் சேர்த்தே வரவழைத்தார். இப்படியே சில மாதம் போயிற்று.

பிறகு ஒரு பார்சல் வரவில்லை. சுங்கத்தில் நிறுத்தியிருப்பதாகவும், டாக்டர் சீட்டைக் காட்ட வேண்டும் என்றும் தகவல் வந்தது. கடைக்கு எழுதினார், பதிலில்லை. கையிலிருந்த கடைசி அட்டைகளைக் கொளஞ்சியம்மாளிடம் கொடுத்தார். பெரிய மனுஷி, வலி தாங்கமாட்டார், நாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வலியை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் வாந்தி வந்தது, கை கால் துவண்டது, ஒரு காலையில் சூளை வண்டியின் ஓரமாகச் சரிந்துவிட்டார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் கீழே கிடந்தது. மதிவதனி டிரிப்ஸ் ஏற்றிவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"நீங்க குடுத்ததுதாங்க."

"நான் குடுத்ததுக்கு மூஞ்சி இப்படி உப்பாதுங்க."

உபகாரமேரி பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினார். அந்த எழுத்து மதிவதனிக்கும் படிக்க வரவில்லை.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்குது. ரத்தம் பாத்தா உறுதியாயிடும். உடம்பு தானா சுரக்க வேண்டியத நீங்க வெளியிலேர்ந்து ஊத்தியிருக்கீங்க. உடம்பு வேலைய நிறுத்திடுச்சு. நீங்களும் திடீர்னு நிறுத்திட்டீங்க."

"இனிமே தொடமாட்டேங்க."

"தொடணும். அதே மருந்த நானே அளந்து குடுப்பேன். கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

பிலோமின்ராஜ் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தார். உபகாரமேரிதான் சொன்னார். "எதிர்வூட்டு அக்காவுக்கு. அவங்களுக்கு சுகரு இருக்குதுங்க."

"இது சுகர ஏத்திவிடும். மாத்திரைய அவங்களா நிறுத்த வேணாம். உடனே கூட்டியாங்க."

கூட்டி வரத் தேவைப்படவில்லை. விழுந்தவரைப் பார்க்க, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கொளஞ்சியம்மாளே மதியம் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டிறங்கி யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்ததாகச் சொன்னார்.

"யக்கா, அந்த மாத்திர கெட்டது. அதாலதான் படுத்துட்டேன்."

"எனக்கு நல்லாத்தான் இருக்குது, தம்பி."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ நிறுத்தின, விழுந்த. நான் நிறுத்தல."

யோசித்துப் பார்த்த பிலோமின்ராஜுக்குக் கொளஞ்சியம்மாள் பேச்சில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. "எனக்கோசரம் ஒருக்கா சுகரு மட்டும் பாத்துக்க, யக்கா" என்றார். அதற்குக் கொளஞ்சியம்மாள் விரலை நீட்டினார். மிஷினில் எண் எதுவும் வரவில்லை, 'ஹை' என்று மட்டும் வந்தது.

"என்ன வந்துருக்குது?"

"இதுக்கு மேல மிஷினுக்கு எண்ணத் தெரியலம்மா" என்றார் மதிவதனி. பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னார். இடது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. வலிக்காததால் கொளஞ்சியம்மாள் அதைக் கவனித்திருக்கவில்லை.

விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். பிலோமின்ராஜ் வீடு திரும்பியபின், பழைய வலியோடு, பட்டறை விட்டதும் தினமும் பெண்கள் வார்டுக்குக் கஞ்சி எடுத்துப் போனார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். கொளஞ்சியம்மாள் திட்டவேயில்லை, அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"வலிக்குதா, யக்கா?"

"வலிக்குது. ஒனக்கு?"

"எனக்கும்."

ஸ்டூலை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள். கொளஞ்சியம்மாள் கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்திக் கட்டிலில் இடம் விட்டார். பிலோமின்ராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.