சுவரில் அண்ணன் பெயர்

துறைமுகத்தில் நினைவுச் சுவர் திறக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்ததிலிருந்தே வெல்டருக்கு வேலையில் கை ஓடவில்லை. போரில் குண்டு பட்டு மூழ்கிய சரக்குக் கப்பலோடு போனவர்களின் பெயர்களைச் செதுக்கிய சுவர் அது. கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்த அவன் அண்ணன் பெயரும் அதில் உண்டு.

உடல் கிடைக்கவில்லை. வழி பார்த்துக் கண் பூத்துப்போன பிறகு, அண்ணியும் அவனும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊர் வாய் கொஞ்ச நாள் மென்றுவிட்டு வேறு வம்புக்குப் போய்விட்டது. அண்ணன் மகள் மட்டும் இன்றைக்கும் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

திறப்பு நாளன்று மூவரும் போனார்கள். வாசலில் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பெண் அண்ணன் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"இவங்க?" என்று அவன் மனைவியைக் காட்டினாள்.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். சம்சாரம் என்றால், யாருடைய சம்சாரம்?

மகள்தான் முந்திக்கொண்டாள். "எங்க அப்பாவுக்கு மனைவி. இப்ப சித்தப்பாவுக்கு."

அந்தப் பெண் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, மூவருக்கும் 'குடும்பத்தினர்' என்ற அட்டையை நீட்டினாள்.

சுவரில் அண்ணன் பெயரை மனைவி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற அவனுக்கு அழுகை வரவில்லை. பட்டறை முதலாளியோடு மல்லுக்கட்டி தன்னை வேலைக்குச் சேர்த்துவிட்ட அண்ணன், இப்போது திடீரென்று எதிரில் வந்து நின்றால்? இவன் கட்டிப்பிடிப்பானா, திருடன்போல முழிப்பானா? அவனுக்கே தெரியவில்லை.

"தம்பி, கொஞ்சம் பிடிங்க. தலை சுத்துது," என்றாள் மனைவி.

"இதோ, அண்ணி!" என்று பாய்ந்து தாங்கிக்கொண்டான்.

பழைய முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டது பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவன் கையை எடுக்கப் பார்த்தான். அண்ணியின் தோளை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. மனைவியின் தோளை விட்டால் அவள் விழுந்துவிடுவாள்.

ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்து, மகள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு பூ வைக்கச் சுவர்ப்பக்கம் போனாள்.

"வாய் தவறிடுச்சுங்க," என்றாள் மனைவி.

"எனக்கும்தான்."

"அவரு பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு."

"சிரிச்சிருப்பாரா?"

அவள் தூரத்துச் சுவரைப் பார்த்தாள். "தெரியலைங்க."

அப்போதுதான் அவனுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. அண்ணனுக்காகவா, தனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் முந்தானையை அவன் பக்கம் நீட்டினாள். திரும்பி வந்த மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.