முப்பத்துநாலு மீட்டர் குறைச்சல்

“ஒரே ஒரு காயிதம்மா. அந்தப் பெரியவர் புகார வாபஸ் வாங்கிட்டா நான் ஏன் கேட்டப் பூட்டப் போறேன்?” என்றார் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர்.

“அவுரு வாங்கமாட்டாரு சார்.”

“நேர்ல கேட்டீங்களா?”

“கேட்டேன். கதவத் தொறந்தாரு. என்னப் பாத்தாரு. சாத்திட்டாரு.”

“அப்ப வியாழக்கிழம பன்னெண்டு மணிக்குப் பூட்டு.”

தாமரைச்செல்வி படியிறங்கி வந்தபோது தம்பி செம்மல் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தான்.

“என்னக்கா சொன்னாரு?”

“வியாழன் பன்னெண்டு மணி.”

“நல்ல மனுஷன். ஒன்றரைக்கு ராகுகாலம், அதுக்கு முன்னாடியே பூட்டிடறாரு.”

“சிரிக்காதடா. பசங்க குரூப்புல என்னா போட்டிருக்கானுவ, பாரு.”

செம்மல் போனை வாங்கிப் பார்த்தான். ‘ஞாயிறு காலை ஆறு மணி. காலாப்பட்டு ஈசிஆர். டிராக் போனா என்ன, ரோடு இருக்கு.’ கீழே பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

மூடிப்போன மில்லுக்குப் பின்னால், ஒரு காலத்தில் பஞ்சு லாரிகள் ஓடிய சிமெண்ட் ரோடு ஒன்று நேராகக் கிடக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக் ரேஸ். இரண்டு பைக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரியும். நானூற்று இரண்டு மீட்டர் நேராகப் போக வேண்டும், யார் முதலில் போகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். வளைவு கிடையாது, எதிரே லாரி கிடையாது, மாடு கிடையாது. அதற்காகத்தான் தாமரைச்செல்வி இதை ஆரம்பித்தாள். அதற்கு முந்தின வருஷம் பிள்ளைச்சாவடிப் பக்கம் ஈசிஆரில் ரேஸ் விட்டபோதுதான் செம்மலுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது அவன் கட்டைக்காலோடு டிராக்கில் நேரம் குறிப்பவன். கேட்டைப் பூட்டினால் அவனுக்கு வேலை போகும், அது பெரிய விஷயமில்லை. அந்தப் பதினேழு பேரில் எத்தனை பேர் முழுசாகத் திரும்பி வருவார்கள் என்பதுதான் தாமரைச்செல்வியின் கணக்கு.

மறுநாள் இரண்டு பேரும் புகார் கொடுத்த தேவதாஸ் முசியேவைத் தேடிப் போனார்கள். பதினைந்து வருஷம் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து திரும்பியவர், வயது எழுபத்தெட்டு. டிராக்கின் புறப்படும் கோட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிச்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பெத்தாங்க் க்ளப். மண்தரையில் இரும்புக் குண்டை வீசி, சின்னக் கட்டை உருண்டைக்குக் கிட்டத்தில் விழ வைக்கிற ஆட்டம். அவர் தரையில் குந்தி, டேப்பை நீட்டி இரண்டு குண்டுகளுக்கு நடுவே வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு மில்லி. உன் குண்டுதான் தூரம். போ” என்று எதிராளியை அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“முசியே, ஒரு நிமிஷம்...”

“நொன்.”

“இன்னும் நான் ஒண்ணும் கேக்கலியே?”

“கேக்கறதுக்கு முன்னாடியே நொன். ஞாயித்துக்கிழம பூரா சத்தம். நான் குறி பாத்து குண்டத் தூக்கறேன், பின்னால ஒருத்தன் டர்ர்ருங்கறான். போன மாசம் என் குண்டு எங்க போச்சி தெரியுமா? இட்லிக்கடை கன்னியம்மா குண்டான்ல போச்சி. அந்தம்மா அதையும் சேத்து வேக வச்சிட்டா.”

“பூராவுமா?” என்றான் செம்மல். “ஒரு ஓட்டம் பதினாலு செகண்டு. ஞாயித்துக்கு இருவது ஓட்டம். கூட்டிப் பாருங்க முசியே, அஞ்சு நிமிஷம்கூட வர்ல.”

“பொய்.”

“சந்தேகமா இருந்தா அளந்து பாருங்க.”

அதை மட்டும் அவன் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல்காலை அளந்து, “கிழக்கால நாலு சென்டி சாஞ்சிருக்கு” என்று பெண்ணைப் பெற்றவரிடம் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார் அந்த மனிதர்.

“நாளைக்குக் காலைல வர்றேன். ஒரு பைக்க ஓட்டிக் காமி” என்றார்.

புதன்கிழமை காலை தேவதாஸ் முசியே ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் ஐம்பது மீட்டர் டேப், தலையில் தொப்பியோடு வந்து சேர்ந்தார். பைக் ஓட்ட சரிதாவை வரச் சொல்லியிருந்தாள் தாமரைச்செல்வி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், டிராக்கின் ரெக்கார்டு அவளுடையது. பதிமூன்று புள்ளி இரண்டு செகண்டு. மில் சுவரில் பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

சரிதா ஓட்டினாள். முசியே பட்டனை அமுக்கினார்.

“பதிமூணு புள்ளி மூணு” என்றார் மனசில்லாமல். “நேரம் சரி.”

“பாத்தீங்களா?”

“இரு. தூரத்த யாரு பாத்தா?”

“நானூத்தி ரெண்டு மீட்டர் முசியே. பன்னெண்டு வருசமா அதான்.”

“பன்னெண்டு வருசமா சொன்னா நீண்டுடுமா? டேப்போட அந்த முனையப் புடி.”

ஏழு தடவை டேப்பை இழுத்துப் போட்டு, எட்டாவது தடவை பாதிக்கு மேலேயும் குறைத்து, முடியும் கோட்டில் நின்றார்கள். முசியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். மறுபடி முதலிலிருந்து அளந்தார். பிறகு ரொம்ப மெதுவாக, மரணச் செய்தி சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

“முந்நூத்தி அறுபத்தேழு மீட்டர், அம்பத்தொம்பது சென்டி.”

“இருக்காது” என்றாள் தாமரைச்செல்வி.

“இத அளந்தது யாரு?”

“மண்ணாங்கட்டி பெரியப்பா.”

“கூப்புடு.”

மண்ணாங்கட்டி அந்த மில்லில் முப்பது வருஷம் துணி மடிக்கிற பகுதியில் இருந்தவர். அளக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டிலிருந்த கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜம்மென்று வந்தார்.

“இதாலதான் அளந்தீங்களா?” என்றார் முசியே.

“பின்ன கையாலயா அளப்பாங்க? நானூத்தி ரெண்டு தடவ குனிஞ்சி நிமிந்தேன். அடுத்த நாளு எங்க வூட்டுக்காரிதான் முதுவுக்குத் தைலம் போட்டா.”

முசியே கோலின் மேல் டேப்பை வைத்தார். “தொண்ணூத்தியொண்ணு புள்ளி நாலு சென்டி. இது மீட்டரு இல்ல. இது கெஜம்!”

“மீட்டருதாங்க. முன்னாடி கெஜமா இருந்திச்சி. அப்பறம் மில்லுல ‘இன்னியிலேருந்து எல்லாம் மீட்டரு’ன்னு போர்டு வச்சாங்க. அன்னியிலேருந்து மீட்டரு.”

“போர்டு வச்சா கோலு வளருமா?”

“அத நீங்க மேனேஜரத்தான் கேக்கணும். புதுக் கோலு குடுத்துட்டு, பழச வூட்டுக்கு எடுத்துட்டுப் போன்னாரு. போர்டு வச்சப்புறம்தான் குடுத்தாரு. அப்ப இதுவும் மீட்டருதான?”

முசியே தொப்பியைக் கழற்றினார். “மோன் தியூ! உலகத்துக்கே மீட்டரக் குடுத்தவன் பிரெஞ்சுக்காரன். அவன் ஆண்ட ஊர்ல குந்திக்கிட்டு இங்கிலீஷ்காரன் குச்சியால அளந்திருக்கியேய்யா!”

“ரெண்டு பேரும்தான் போயிட்டானுவளே, இன்னும் என்னாத்துக்குச் சண்ட?” என்றார் மண்ணாங்கட்டி.

அதுவரை வாயைப் பிளந்து நின்ற சரிதாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

“அப்ப என் பதிமூணு புள்ளி ரெண்டு?”

“அது முப்பத்துநாலு மீட்டர் குறைச்சலான ரோட்டுக்கு” என்றார் முசியே.

“ஐயோ, கல்யாணப் பத்திரிகைல போட்டிருக்கேன்! ‘சரிதா, பி.ஃபார்ம்., 13.2 செகண்டு’ன்னு! ஐந்நூறு பத்திரிகை அடிச்சாச்சி முசியே! மாமியார் வூட்டுக்குல்லாம் குடுத்தாச்சி!”

“மாமியாருக்கு மீட்டரு கெஜமெல்லாம் தெரியவா போவுது?” என்றான் செம்மல்.

“தையக்காரம்மாடா அவங்க!”

தேவதாஸ் முசியேவுக்கு முகம் மலர்ந்துகொண்டே வந்தது. “அலோர், அப்ப விஷயம் முடிஞ்சிது. பஞ்சாயத்து உங்களுக்குக் குடுத்த லீஸ் பத்திரத்துல நானூத்தி ரெண்டு மீட்டர் ஓடுதளம்னு இருக்கு. அப்பிடி ஒண்ணு இங்க இல்லவே இல்ல. இல்லாததப் பூட்டறதுல உங்களுக்கு என்னா நஷ்டம்?”

“குறைஞ்சத நீட்டிட்டா?” என்றாள் தாமரைச்செல்வி.

“எங்க நீட்டுவ?”

முடிகிற பக்கம் நீட்ட முடியாது. பிரேக் பிடிக்க இடம் வேண்டும், அதைத் தாண்டினால் வாய்க்கால். புறப்படுகிற பக்கம்தான் பாக்கி. தாமரைச்செல்வி டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு கோட்டிலிருந்து பின்னால் நடந்தாள். குட்டிச்சுவரில் ஏறினாள், அந்தப் பக்கம் குதித்தாள், க்ளப் பெஞ்சைத் தாண்டினாள், மண்தரையின் நட்டநடுவில் போய் நின்றாள்.

“முப்பத்துநாலு மீட்டர், நாப்பத்தியொரு சென்டி. இங்க வருது முசியே.”

“இங்கன்னா?”

“உங்க பெத்தாங்க் தரைக்குள்ள எங்க டிராக்கு மாட்டிக்கிட்டிருக்கு.”

செம்மல் சிரித்துவிட்டான். மண்ணாங்கட்டி, “நாந்தான் சொன்னேன்ல, எங்கயும் போயிருக்காதுன்னு” என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“குறைச்சலா இருந்தா, குறைச்சலாவே இருந்துட்டுப் போவுது!” என்று கத்தினார் முசியே. கத்திவிட்டு, தன் வாயிலிருந்தா இது வந்தது என்று திடுக்கிட்டு நின்றார்.

“இருக்கட்டும் முசியே” என்றான் செம்மல். இந்தத் தடவை கேலி இல்லை. “நீங்க அளந்த மாதிரியே சரியா அளந்தது எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு. பிள்ளைச்சாவடி ரோட்டுல பைக்கோட நான் தேஞ்சிகிட்டே போன தூரம், பதினோரு மீட்டர். போலீஸ்காரன் டேப்பு, அதுல தப்பு இல்ல. இந்த ஞாயித்துக்கிழம பதினேழு பேரு அங்க போறானுவ.”

முசியே செம்மலின் காலைப் பார்த்தார். டேப்பைச் சுற்றினார். அது வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆணையர் அலுவலகத்தில் தாமரைச்செல்வி கடைசியாக ஒரு தடவை கெஞ்சிக்கொண்டிருந்தபோது, டை கட்டி, கோட்டுப் போட்டு, மார்பில் இரண்டு மெடலோடு தேவதாஸ் முசியே உள்ளே நுழைந்தார்.

“என் புகார எடுங்க.”

ஆணையர் எடுத்தார்.

“இதுல நானூத்தி ரெண்டு மீட்டர் ஓடுதளம்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்கேன். தப்பு. தப்பான நம்பருக்குக் கீழ என் கையெழுத்து இருக்கக் கூடாது. வாபஸ் வாங்கறேன்.”

“சரியான நம்பர் போட்டு வேற எழுதித் தர்றீங்களா?”

“தர்றேனே. முந்நூத்தி அறுபத்தேழு மீட்டர் அம்பத்தொம்பது சென்டி.”

ஆணையர் ஃபைலைப் புரட்டினார். “அந்த அளவுல எங்ககிட்ட ஒரு டிராக்கும் இல்லியே சார். இல்லாததுமேல புகார் வாங்க முடியாது. சர்வேயர் வந்து அளந்து எழுதணும்.”

“எப்ப வருவாரு?”

“அந்தப் போஸ்ட்டு மூணு வருசமா காலியா இருக்கு.”

“அப்பிடியா?” என்றார் முசியே. கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. “அப்ப ஆள் போட்டப்புறம் சொல்லி அனுப்புங்க.”

வாபஸ் காகிதத்தில் ரப்பர் ஸ்டாம்பு விழுந்தது. வெளியே வந்ததும் தாமரைச்செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெர்சி முசியே, மெர்சி...”

“எதுக்கு மெர்சி? நான் திருத்தம் பண்ண வந்தேன். அது கெடக்கட்டும், அந்த முப்பத்துநாலு மீட்டர் நாப்பத்தியொரு சென்டிய எப்ப எடுத்துக்கறீங்க?”

“உங்க தரை?”

“பக்கத்துல ஒரு தப்பான அளவ வச்சிகிட்டு எப்பிடிம்மா குறி பாக்கறது? நேத்து சாயங்காலம் ஒரு சத்தமும் இல்ல, ஒரு பைக்கும் இல்ல. அஞ்சு குண்டு வீசனேன். ஒண்ணுகூட உருப்படியா விழல. அந்தப் பய காலு கண்ணு முன்னால நிக்கிது.” சட்டென்று குரலை உயர்த்தினார். “நாங்க மில்லோட சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கறோம். ஆனா கோடு நான்தான் போடுவேன். அந்த மண்ணாங்கட்டி கிட்டயே வரக் கூடாது!”

ஞாயிற்றுக்கிழமைக்குள் குட்டிச்சுவரை இடித்து, மண்ணைக் கொத்தி, சிமெண்ட் கொட்டினால் காயாது என்று பழைய மில் ஷெட்டிலிருந்து கல்பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து பதித்தார்கள். முசியே முட்டிபோட்டு வெள்ளைக் கோடு போட்டார். மண்ணாங்கட்டி கிட்டே வந்து பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் காலையிலிருந்து சண்டை போட்டதில் கோடு மட்டும் நேராக வந்தது.

டிராக் இருக்கிறது என்று செம்மல் குரூப்பில் போட்டிருந்ததால் ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் பசங்கள் வர ஆரம்பித்தார்கள். சரிதா முதலில் ஓட்டினாள்.

“பதினாலு புள்ளி பூஜ்யம்” என்றான் செம்மல்.

“பூஜ்யமா?” என்று அவள் கோபமாக ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“சுத்தமான பதினாலு!” என்றார் முசியே, காதில் பஞ்சை அடைத்திருந்ததால் ஊருக்கே கேட்கும்படி. “இதத்தான் பத்திரிகைல போடணும்!”

“ஐந்நூறுலயும் பேனாவால திருத்தணுமே முசியே!”

“கொண்டா. நானும் திருத்தறேன். என் எழுத்து நல்லா இருக்கும்.”

தாமரைச்செல்விக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அவள் வரிசையில் நின்ற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் தூக்கியவர்களில் பதினாறு பேர் இருந்தார்கள். மறுபடி எண்ணினாள். பதினாறுதான்.

“செம்மலு, வேம்பு எங்கடா?”

“போன் போட்டேன்க்கா. ஸ்விட்ச் ஆஃப்னு வருது.”

அடுத்த ஓட்டத்துக்குப் பச்சை விளக்குப் போட அவளுக்குக் கை வரவில்லை. பசங்கள் பைக்கை உறும விட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். எட்டு மணி, எட்டேகால், எட்டரை. கேட்டில் ஒரு பைக் மெதுவாக, மிக மெதுவாக, இருபது வேகத்தில் உள்ளே வந்தது.

“எங்கடா போன?” என்று தாமரைச்செல்வி ஓடினாள்.

“காலாப்பட்டுக்குக்கா. குரூப்பப் பாக்கல, போன்ல சார்ஜ் இல்ல. ஆறு மணிலேருந்து நிக்கிறேன், ஒரு நாயும் வர்ல. ரோந்து போலீசு வந்து, ஏன்டா தனியா நிக்கிறேன்னாரு. ரேசுன்னேன். யாரோடன்னாரு. தெரியலன்னேன். பாவமா இருக்குன்னு டீ வாங்கிக் குடுத்து, மெதுவாப் போடான்னு இங்க வரைக்கும் பின்னாலயே வந்து வுட்டுட்டுப் போறாரு.”

தாமரைச்செல்வி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவன் இரண்டு காலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“போ. போய் வரிசைல நில்லு.”

“கோடு எங்கக்கா? இங்கதான இருந்திச்சி?”

“பின்னால தள்ளிப் போட்டிருக்கு. அதோ, முசியே குனிஞ்சி நிக்கறாரு பாரு, அங்க. அவுரு நகர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாத!”