எடைமேடையில் ஏறிய கோரா

கோராவின் இடுப்பு கழன்று கையில் வந்துவிடும்போல் இருந்தது. விடிந்ததிலிருந்து லாரிகளிலிருந்து செர்ரிப் பெட்டிகளை இறக்கிக் கொட்டகை நிழலில் அடுக்கிய வலி. வெனாச்சி ஊரின் ஜூலை வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் பழம் குளிர் அறைக்குள் போகாவிட்டால், தோட்டக்காரர்களின் ஒரு வருடப் பாடு கூழாகிவிடும்.

அறைக் கதவுகள் திறக்காததற்குக் காரணம் அவள் எழுதிய நிரல்தான். லாரி எடைமேடையில் ஏறியதும் ஒரு செய்தி கிளம்பும். செய்தித் தரகன் என்ற மென்பொருள் அதை வரிசையில் நிறுத்தும். செய்தி வந்தால் மட்டும் கிளவுடில், அதாவது எங்கோ தொலைவில் உள்ள இணையக் கணினியில், கண்விழிக்கும் ஃபங்ஷன் என்ற சிறு நிரல் ஒன்று அதை வாங்கி, உரிய அறையைத் திறந்து, 'முடிந்தது' என்று சொல்லும். சொன்னால்தான் தரகன் அடுத்ததைக் கொடுப்பான். தரகனையும் ஃபங்ஷனையும் நேற்றுத்தான் இணைத்தாள்.

"உன் தரகன் கமிஷன் கேக்கிறானோ என்னவோ," என்றார் யார்டு மேஸ்திரி ஹாலிஸ். அந்த ஞாயிற்றுக்கு மட்டும் எடுத்திருந்த விடுப்பை விட்டுவிட்டுப் பெட்டி தூக்க வந்திருந்தார்.

"வாயைக் குறைச்சுட்டுக் கையை நீட்டுங்க."

கவிழ்த்த பெட்டிமேல் மடிக்கணினியை வைத்துப் பார்த்தாள். ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்து ஃபங்ஷனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. எடை நூற்று எழுபது பவுண்டு. பெட்டி பூஜ்யம்.

கோராவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஹாலிஸ், இது லாரி இல்ல. நான்."

மேடையிலிருந்து செய்தி கிளம்புகிறதா என்று நேற்றுச் சோதிக்க லாரி இல்லாததால், "நீயே ஏறி நில்லு" என்று அவளை மேடையில் ஏற்றியவர் அவர்தான். பெட்டிக்கு எத்தனை எடை என்று கணக்குப் போடப்போன ஃபங்ஷன், பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் விழுந்தது. 'முடிந்தது' என்ற பதில் வராததால் தரகன் அதையே மறுபடி நீட்டினான். அவளுக்குப் பின்னால் அத்தனை லாரிகளும் நின்றுவிட்டன.

"அப்ப காலையிலேர்ந்து வழியை மறிச்சிட்டு நின்னது நீதானா? நூத்தி எழுபதா?"

"பூட்ஸோட."

"ரொம்பக் கனமான பூட்ஸும்மா."

ஃபங்ஷனை மூன்று தடவை கவிழ்த்த செய்தியைத் தனி வரிசைக்குத் தள்ளும்படி நிரலை மாற்றி ஏற்றினாள். தரகனின் வரிசையில் அவள் ஒதுங்கினாள், முதல் லாரி நகர்ந்தது. ஒவ்வொரு கதவாகப் பச்சை விளக்கு எரிந்தது. ஓட்டுநர்கள் ஹாரனை அமுக்கிக் கூத்தடித்தார்கள். ஹாலிஸ் ஒரு பழத்தைக் கடித்தார். நறுக்கென்றது.

"பொழச்சுது," என்று கொட்டையைத் துப்பினார். "என் ஞாயிறு?"

"அடுத்த ஞாயிறு உங்க வேலையை நான் பாக்கறேன்."

அடுத்த ஞாயிறு மழை, அறுவடை நடக்கவில்லை. ஹாலிஸுக்காகக் கோரா ஒரு நாள் பெட்டி தூக்க வேண்டிய கடன் இன்னும் பாக்கி.