கல்லுக்கு ஆகாத கால்

வீட்டில் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். பின்வாசல் சிமெண்ட் தளத்தில் பலகைக்கல் பதிக்கலாம் என்று காலையில் நினைத்தவர், பல் விளக்கி முடிப்பதற்குள் மனைவியின் தம்பியை வரவழைத்துவிட்டார். தம்பி கொத்தனார். மலையே உருண்டு வந்தாலும் ரசமட்டக் கட்டையை வைத்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் ஒதுங்குவார், அவ்வளவு நிதானம்.

தளத்தை முழுசாக உடைக்க வேண்டாம். கல்லை வைத்துச் சுற்றிலும் சாக்பீசால் கோடு போட்டு, அந்த அளவுக்கு மட்டும் சிமெண்டை வெட்டியெடுத்து, குழியில் கலவை போட்டுக் கல்லை உட்கார வைத்தால் போதும்.

“வாசப்படியில ஆரம்பிச்சு வெளிப்பக்கமா போவோம் அத்தான். அதான் முறை.”

“முறையாவது மண்ணாவது! மதில் பக்கம் ஆரம்பி மாப்ளே. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில நின்னு முதல்ல அதைப் பார்க்கணும். அவர் வயிறு எரியுற புகை நம்ம ஜன்னல்ல அடிக்கணும்.”

மதிலோரத் தளத்தில் ஒரு பழைய காலடித்தடம் இருந்தது. சிமெண்ட் ஈரமாக இருந்தபோது யாரோ மிதித்தது. ஒல்லியாக, நீளமாக, வீட்டைப் பார்த்தபடி இருக்கும். கொத்தனார் முதல் குழியை அங்கேதான் வெட்டினார். தடம் தூள்தூளாகிச் சாக்கில் போனது.

மறுநாள் காலை, பதித்த கல்லுக்கு வீட்டுப் பக்கமாக, இரும்பாய் இறுகிக் கிடந்த பழைய சிமெண்டில் அதே தடம்.

“நேத்தே இருந்திருக்கும் அத்தான். நாமதான் பார்க்கலை” என்றார் கொத்தனார். சொன்னவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது.

அதையும் வெட்டினார்கள். அது இன்னும் ஒரு கல் தள்ளி வந்து நின்றது. கல் பதிக்கப் பதிக்க, சிமெண்ட் மிச்சமிருக்கும் பக்கமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே வந்தது. கடைசியில், ராஜாக்கள் வாடகைக்குக் கேட்டு வரிசையில் நிற்கும் அழகில் தளம் பளபளத்தது. வாசற்படியோரம் மட்டும் ஒரு கீற்றுச் சிமெண்ட் பாக்கி. அதில் அந்தத் தடம், பெருவிரல் நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவசரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து படியோரம் குந்திப் பார்த்தார். படிக்கு அந்தப் பக்கம் சமையலறை. அதன் தரையும் அதே சிமெண்ட், அதே நாளில் போட்டது. நாள் முழுக்க அவர் மனைவி தனியாக நடமாடுகிற இடம்.

மனைவி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

“அதுக்குக் கல்லு ஆகாது போல. ரெண்டு புத்திசாலிகளும் சேர்ந்து அதை விரட்டிக்கிட்டு வந்து என் அடுப்படியில விடப் போறீங்க. நல்லாயிருக்குங்க!”

“நான் அப்பவே சொன்னேன் அக்கா, வாசப்படியில...”

“நீ வாயை மூடு. சொன்னியே, செஞ்சியா?”

பிறந்ததிலிருந்து எதையும் அளந்து பார்க்காத அவசரம், அன்று வாசற்படியிலிருந்து மதில் வரை அடி வைத்து அளந்தார். பிறகு சொன்னார்: “பேத்துடு மாப்ளே.”

“எதை?”

“நடு வரிசைக் கல்லை. வாசப்படியிலேர்ந்து மதில்ல இருக்கற வெளிக்கதவு வரைக்கும். பேத்துட்டு சிமெண்ட் போடு. அது போறதுக்கு வழி வேணும்.”

கடப்பாரை விழுந்த முதல் சத்தத்திலேயே பக்கத்து வீட்டு மாடியில் தலை முளைத்தது. “என்ன சார், பதிச்ச கையோட பேத்து எடுக்கறீங்க? போட்டியா யாராவது பளிங்கு போட்டுட்டாங்களா?”

வேறு நாளாக இருந்தால் அவர் கொடுத்திருக்கும் பதிலில் அந்த மாடியே இடிந்திருக்கும். அன்று தலையைக் குனிந்துகொண்டு கலவை கலந்தார்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். வாசற்படியோரம் தடம் இல்லை. புதுச் சிமெண்டில் வரிசையாகக் காலடிகள், எல்லாம் வெளிக்கதவைப் பார்த்து. அவர் கையாலேயே பூட்டிய கதவு, பூட்டியபடியே இருந்தது.

“போயிடுச்சு! அது போயிடுச்சுடி!” என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தவர், அப்படியே நின்றார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால், தரையில், ஒல்லியான நீளமான இரண்டு பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் அழுந்தியிருந்தன.

“போற வழியில தண்ணி குடிச்சிருக்கு” என்றார் மனைவி. “குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வச்சிருக்கு. இத்தனை வருஷத்துல நீங்க ஒருநாளாவது செஞ்சதுண்டா?”

பின்னால் வந்த கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். அவசரமும் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தார்.

அதிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.