கோமாவில் பிறந்த சவரியம்மா

ராயபுரத்து ரெஜினாவுக்கு டிவி சீரியலில் கடைசியாகக் கிடைத்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது. கதைப்படி அவள் பணக்கார வீட்டுக் கொடுமைக்கார மாமியார். மருமகளை விழவைக்க மாடிப்படியில் எண்ணெய் ஊற்றினாள். தானே வழுக்கி விழுந்து கோமாவுக்குப் போய்விட்டாள். ஜனங்கள் அவளைத் திட்டுவதற்காகவே டிவி முன்னால் உட்கார்ந்ததால், சேனல்காரர்கள் அவளைச் சாகவிடவில்லை. கதை எழுதுகிறவருக்கோ அவளை எழுப்பி என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் மாதக்கணக்காகக் கோமா.

காலையில் கம்பெனி வண்டி வந்து அழைத்துப் போகும். பட்டுப்புடவை போய்ப் பச்சை அங்கி, மூக்கில் ஒரு குழாய். மகன் வந்து சத்தியம் செய்வான், மருமகள் வந்து அழுவாள். ரெஜினா மூச்சை மட்டும் ஒழுங்காக விட்டால் போதும். வசனம் கிடையாது. வசனம் இருந்த காலத்திலும் ஒலித்தது அவள் குரல் இல்லை. மெட்ராஸ் வாடை அடிக்கிறது என்று முதல் நாளே சொல்லி, யாரோ ஒரு அம்மாவை டப்பிங் பேச வைத்துவிட்டார்கள். அந்த அம்மாவை ரெஜினா பார்த்ததுகூட இல்லை.

சும்மா படுத்திருந்தால் தூக்கம் வரும். குறட்டை விட்டால் டைரக்டர் கத்துவார். தூங்காமலிருக்க, ரெஜினா தனக்குத்தானே ஒரு கதை சொல்ல ஆரம்பித்தாள். காசிமேட்டில் ஆம்பளைகளுக்கு நடுவே நின்று மீன் ஏலம் எடுக்கிற ஒருத்தியின் கதை. பேர் சவரியம்மா. புருஷன் ஓடிப்போனவன். அவளுடைய வாய்க்கு மார்க்கெட்டே ஒதுங்கி நிற்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சவரி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தாள்.

ஒரு நாள் உருக்கமான காட்சி. மகன் அம்மாவின் காலைப் பிடித்து அழுதுகொண்டிருந்தான். ரெஜினாவின் மனசுக்குள் அதே நேரம் சவரி தரகரைப் பார்த்து, "இன்னா நைனா, மீனு செத்து மூணு நாளாச்சு, நீ இன்னும் அதுக்குத் தாலாட்டு பாடிகினுகீற?" என்றாள்.

கோமாவில் கிடந்த மாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

காலைப் பிடித்திருந்தவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். கேமராக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், டைரக்டரைத் தவிர. அடுத்த வாரமே மாமியார் செத்துப்போனாள். ரெஜினாவின் போட்டோவை மாட்டி மாலை போட்டு, பேசிய பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரன் ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்தவனிடம் சொன்னாள்.

"என்னிய சாவடிச்சிட்டாங்க. மாலகூட பிளாஸ்டிக்கு."

"அட கர்த்தரே. இனிமே இன்னா பண்ணப்போற?"

"ஒரு கத கீது. எய்தலாம்னு பாக்குறேன்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். ஃப்ரெடி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "எய்து. ராத்திரி சோத்த நான் பாத்துக்குறேன்" என்றான். பார்த்துக்கொள்ளவும் செய்தான். வாரத்தில் பாதி நாள் முட்டைக் குழம்புதான், அவளும் குறை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா மீன் விற்றுவிட்டு மத்தியானம் டீ குடிக்க வருவாள். ரெஜினா எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவாள். டீ ஆறிப்போகும்.

"அப்பால இன்னா ஆச்சு?"

"இன்னும் எய்தலக்கா."

"நாளைக்குள்ள எய்து. இல்லாங்காட்டி நான் வேற வூட்ல டீ குடிச்சிக்குவேன்."

அந்த மிரட்டலில் நாவல் முடிந்தது. 'ஏலக்காரி' என்று பெயர் வைத்து, மண்ணடியில் புத்தகம் போடும் ஹபீபுல்லாவிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டே நாளில் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கதை பிரமாதம்மா. ஆனா ஜனங்க பேசற பாஷையை மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணிடலாம். மதுரையில, கோயமுத்தூர்ல படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல?"

ரெஜினாவுக்குச் சுருக்கென்றது. "பாய், டிவில என் மூஞ்சிய வெச்சிகினு கொரல எடுத்துட்டாங்க. சம்பளம் குடுத்தாங்க, நானும் வாய மூடிகினு இருந்தேன். இது என் புக்கு. இதுலயும் டப்பிங்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் தாள்களைக் கையில் எடுத்து எழுந்து நின்றாள். முதல் அத்தியாயத்தைப் படித்தாள் என்பதைவிட, ஏலம் விட்டாள் என்பதே சரி. சவரியாகக் கூவினாள், தரகராக மூக்கைச் சிந்தினாள், ஐஸ்காரனாக முனகினாள். பைண்டிங் செய்துகொண்டிருந்த பெண்கள் பசைக் கையோடு வாசலில் வந்து நின்றார்கள். தரகரின் தாலாட்டு வந்ததும் ஹபீபுல்லா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க படிச்சா புரியுதும்மா. ஒவ்வொரு வீட்டுக்கும் புத்தகத்தோட நீங்களும் போவீங்களா?"

"வாய்விட்டுப் படிச்சா அவங்களுக்கே புரியும், பாய்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதை அச்சடித்துவிட்டார்: வாய்விட்டுப் படிக்கவும்.

கொடுமைக்கார மாமியார் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்க்க முதலில் சிலர் வாங்கினார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் வாங்கினார்கள். இதற்கிடையில் சீரியல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. செத்த மாமியாருக்கு இரட்டைப் பிறவித் தங்கை ஒருத்தி வருகிறாளாம்.

"கொரலு யாரு?" என்று கேட்டாள் ரெஜினா.

"அதே டப்பிங் அம்மாதான் மேடம்."

"அப்ப அவுங்களையே நடிக்கச் சொல்லுங்க. பாவம், எவ்ளோ நாளா பேசிகினே கீறாங்க" என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மனசு லேசாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் புத்தகம் படிக்கிறவர்கள் கூடி அவளை அழைத்திருந்தார்கள். ஃப்ரெடியும் பச்சையம்மாவும் கூடவே வந்தார்கள். ரெஜினா பேச எழுந்தபோதே, வீட்டில் தையல் வேலை பார்க்கிற காத்தூன் பீவி கையைத் தூக்கினார்.

"ஓடிப்போன புருசன் திரும்பி வந்ததும் சவரி ஏன் சோறு போட்டா? நானா இருந்தா கதவத் தொறந்தே இருக்க மாட்டேன்."

பச்சையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சோறுதானம்மா போட்டா? பாய் போட்டாளா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சவரி செய்தது சரி என்று பாதிப் பேர், பைத்தியக்காரி என்று மீதிப் பேர். சவரி ஏதோ அடுத்த தெருவில் குடியிருக்கிறவள் போல அவளை வைதார்கள், பரிந்து பேசினார்கள். சீரியலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எழுதியவள் எதிரில் நிற்பதே மறந்துவிட்டது. ரெஜினா மெல்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

கடைசியில் காத்தூன் பீவிக்கு ஞாபகம் வந்தது. "எழுதினவங்க நீங்க, சொல்லுங்களேன்."

"பசின்னு வந்து நின்னுட்டானேம்மா" என்றாள் ரெஜினா. "அவளுக்கு மனசு கேக்கல. நானும் வேணாம்னுதான் சொன்னேன்."

அதற்கும் சண்டை பிடித்தார்கள். ஃப்ரெடி அவள் காதருகே குனிந்து, "பஸ்சு போயிடும், கெளம்பலாமா?" என்றான்.

"இரு," என்றாள், "பச்சையக்கா இன்னும் முடிக்கல."