நம்ம வீட்டுல யாரும் ஓடுறதில்லை

1

ஒட்டுக்கேட்டதிலிருந்து பிறந்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதய மருத்துவர் ஒருவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். நோய் எதுவும் இல்லை. இந்த வயதில் காலையில் ஓடலாம் என்று ஓர் ஆசை; டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் ஓடுங்கள் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெண்மணி. அவருக்கு அடுத்த நாற்காலியில், மூக்கைப் பார்த்தாலே தம்பி என்று சொல்லிவிடக்கூடிய ஓர் ஆள்.

"நம்ம வீட்டுல யாரும் ஓடுறதில்லைன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடவா?" என்றார் அவர்.

"சொல்லிடுக்கா. சொன்னா அவங்களே வேண்டாம்னுடுவாங்க. நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம்."

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது இரண்டு நாற்காலிகளும் காலி. ஆகவே, இனி வருவதெல்லாம் நானே இட்டுக்கட்டியது.

2

"பனி மூடிய அதிகாலையில் அவள் தன் காலணியின் முடிச்சை—"

(வேண்டாம். பனி வந்தால் அடுத்த வரியில் ஒரு பறவை வந்தே தீரும்.)

"பயமும் சொத்தைப் போலத்தான், தலைமுறை தலைமுறையாக—"

(கட்டுரை வாடை அடிக்கிறது.)

முதல் வரைவில் அவளை ஆசிரியையாக வைத்திருந்தேன். என் கதைகளில் வரும் பெண்களில் பாதிப் பேர் ஆசிரியைகள். என் சோம்பேறித்தனத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அடுத்த வரைவில் அவளை ஒரு காலணிக் கடையில் வேலைக்குச் சேர்த்தேன். உடனே உயிர் வந்துவிட்டது.

பெரிய கண்ணாடிச் சன்னல் வைத்த கடை அது. ஓடுகிறவர்களுக்கான காலணிப் பிரிவு அவள் பொறுப்பு. தரையில் மண்டியிட்டு, வந்தவரின் பெருவிரலை அழுத்திப் பார்த்து, "இங்க கொஞ்சம் இடம் வேணும், ஓடும்போது கால் முன்னாடி வரும்" என்பாள். எது குதிகாலைப் பிடிக்கும், எது கணுக்காலைக் காக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவள் மட்டும் ஓடுவதே இல்லை.

ஒரு நாள் தலை நரைத்த வாடிக்கையாளர் அம்மா ஒருத்தி கேட்டாள்: "நீ எதைம்மா போட்டுட்டு ஓடுவே?"

வாயைத் திறந்தால் பொய் வந்துவிடும் விற்பனை வேலைதான். ஆனாலும் அன்றைக்கு அவள் குனிந்து அந்த அம்மாவின் காலணி நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

3

அவள் வீட்டில் ஓட்டம் நின்றுபோன கதையைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், இதை நீட்டினால் அழுகையாகிவிடும்.

அவள் பள்ளியில் படிக்கும்போது ஒரு காலையில் அப்பா பேருந்தைப் பிடிக்க ஓடினார். பிடித்தும்விட்டார். ஏறி, கம்பியைப் பற்றி, யாரையோ பார்த்துச் சிரித்து, அப்படியே சரிந்தார். அன்றோடு அம்மா சட்டம் போட்டுவிட்டாள்: யாரும் ஓடக் கூடாது. விளையாட்டு விழாவில் அக்காவும் தம்பியும் மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தார்கள். தம்பி வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். (யாரையும் படியேற விடாத வேலை; கனகச்சிதமாகப் பொருந்துகிறது, தெரியும். மாற்றிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் ஆக்கினால் அவன் முகம் போய்விடுகிறது.) அம்மா காலமான பிறகும் சட்டம் காலமாகவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்த வயதை அவள் இந்த வருடம் தாண்டினாள். தாண்டியதும் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். கடையில் தன் அளவில் ஒரு ஜோடிக் காலணியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மாடியில் குடியிருக்கும் தம்பி வாசலில் அதைப் பார்த்துவிட்டான்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

"உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"ஓடிப் பார்க்கணும்னு தோணுதுடா."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். (நானும்தான்.) அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்க்கா" என்றான்.

அதற்கு மேல் சண்டை போட அவளால் முடியவில்லை. டாக்டரைப் பார்ப்பது, அவர் சொல்படி கேட்பது என்று உடன்பாடானது. டாக்டர் தடுத்துவிடுவார் என்று அவன் நம்பினான். உள்ளுக்குள் அவளும் அதையேதான் நம்பினாள். தடுத்துவிட்டால் ஆசைப்பட்ட பெருமையும் மிஞ்சும், ஓடுகிற பயமும் இல்லை.

4

டாக்டரை எப்படி எழுதுவது? முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். பிறகு கருணைக் கடலாக. இரண்டும் தேறவில்லை. கடைசியில் அவருக்குச் சளி பிடிக்க வைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்கும் இளம் டாக்டர்.

அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்: "எங்க அப்பா ஓடினதாலதான் போனாரு."

"அதுக்கு முன்னாடி அவருக்கு ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்ல" என்றான் தம்பி.

"நெஞ்செரிச்சல்? படி ஏறினா மூச்சு வாங்குறது? தாடை, தோள் வலி?"

அவளுக்கு அப்பா நினைவுக்கு வந்தார். படியின் நடுவில் நின்று, சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் நடிக்கும் அப்பா. சாப்பிட்டு எழுந்ததும் தாடையைத் தேய்த்துக்கொண்டே, "பல்லுதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லும் அப்பா. அது ஒரு நாள் இரண்டு நாள் கூத்தல்ல. அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான்.

"இருந்துச்சு" என்றாள் மெல்ல. "யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல. அவரும் போகல."

"நான் பார்க்காத மனுஷரைப் பத்தி உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆனா இதயம் முன்னாடியே சொல்லிட்டு இருந்திருக்கலாம். கடைசியா நடந்தது ஓட்டம்; அதனால பழி அது மேல விழுந்திருக்கலாம்." டாக்டர் தும்மினார். "நீங்க முன்னாடியே வந்திருக்கீங்க. அது நல்ல விஷயம்."

ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, டிரெட்மில் டெஸ்டும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

தம்பி எழுந்துவிட்டான். "ஓட விடப்போறீங்களா? இங்கேயேவா?"

"இங்கேதான். நாங்க எல்லாரும் பக்கத்துல இருக்கும்போது."

5

மார்பில் ஒட்டிய கம்பிகளோடு அவள் டிரெட்மில்லின் ஓடும் பட்டையின் மேல் ஏறினாள். அதை இயக்கும் பெண், "வலி, தலைசுத்தல் எதுவா இருந்தாலும் உடனே சொல்லணும். நிறுத்திடுவேன்" என்றாள்.

முதலில் நடை. பிறகு ஏற்றத்தில் நடை. பிறகு விரைந்த நடை.

(ஒரு வரைவில் அவள் இங்கே மயங்கி விழுந்தாள். தள்ளிவிட்டது நான்தான். பக்கம் நன்றாகச் சூடு பிடித்தது. மறுநாள் படித்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

வேகம் கூடியது. இனி நடக்க முடியாது. ஒரு கால் தரையைத் தொடுவதற்குள் மற்றது எழும்பியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இதுதான், வந்துவிட்டது என்று நினைத்தாள். வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. மூச்சு வாங்கியது, தொடை எரிந்தது, வியர்வை கண்ணில் இறங்கியது. அவ்வளவுதான். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது; அடிப்பதுதானே அதன் வேலை.

"நிறுத்தட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"கொஞ்சம் இருங்க."

சுவருக்கு அப்பால் தடதடவென்று சத்தம் கேட்டு, வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த தம்பி நின்றான். அது என்ன சத்தமென்று புரியவே அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அக்கா ஓடும் சத்தத்தைக் கேட்டதாக அவனுக்கு நினைவே இல்லை.

6

டெஸ்டில் பயப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்தை விட்டுவைக்க முடியாது, அதற்கு மாத்திரை. முதலில் சில வாரம் நடை, பிறகு நடைக்கு நடுவே கொஞ்சம் ஓட்டம். நெஞ்சை ஏதாவது செய்தால் நின்று, உடனே வர வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு டாக்டர் தம்பி பக்கம் திரும்பினார். "அதே அப்பாதானே உங்களுக்கும்? நீங்க எப்போ வர்றீங்க?"

"எனக்கென்ன, நான் ஓடப்போறதில்லையே."

"ஓடாதவங்களுக்கும் இதயம் இருக்கு சார்."

மறுவாரத்துக்கு அவனுக்கும் நேரம் வாங்கிக்கொண்டுதான் அக்கா கிளம்பினாள்.

7

முடிவுக்கு வருகிறேன். பந்தயத்தில் ஓடி அவள் பதக்கம் வாங்கும் முடிவு ஒன்று வைத்திருந்தேன். கடை விளம்பரம்போல் இருந்தது. தூக்கிப் போட்டேன்.

என்னிடம் இருப்பது இதுதான். சில வாரங்கள் கழிந்த ஒரு காலை. தம்பியின் பரிசோதனை பாதி முடிந்திருக்கிறது. மீதி முடிவும் வரும்வரை அவன் நடக்க மட்டும்தான் செய்யலாம். நீளமான தெரு, ஓரமாக மரங்கள், கடைசியில் ஒரு திருப்பம். அவள் மெல்ல ஓடுவாள், திருப்பம் வந்ததும் திரும்பி அவனிடம் வருவாள், மறுபடி ஓடுவாள். அவன் கண்ணிலிருந்து அவள் மறைந்தால் அவனுக்குத் தாங்காது. அதனால் திருப்பத்தைத் தாண்டுவதில்லை என்று இருவருக்கும் பேசாத ஒப்பந்தம்.

இன்று திருப்பத்தில் நிற்கிறாள். அதற்கு அப்பால் தெரு சரிவாக இறங்கிப் போகிறது. வெயில் அங்கே முதலில் வந்துவிட்டது. அவள் தம்பியைத் திரும்பிப் பார்க்கிறாள். தூரத்தில் அவன் நடையை நிறுத்தி, கையை உயர்த்துகிறான்.

நில் என்கிறானா, போ என்கிறானா?

அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுதிய எனக்கே தெரியவில்லை. அவள் மூச்சு சீராக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.